ஆணி அடித்த வாடகைக்காரர்கள்

அத்தியாயம் 6

வேலம்பாளையத்தில் ஸ்கூட்டியை நிறுத்தும்போதே ஜெபக்குமார் புலம்ப ஆரம்பித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திருப்பூரில் மனிதனாகப் பிறந்தவன் ஒன்று கறிக்கடை வரிசையில் நிற்க வேண்டும், இல்லை போர்வைக்குள் கிடக்க வேண்டும். பத்து வீடு ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்குவதெல்லாம் தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர்கள் பார்க்கிற வேலை. அவர்களுக்காவது பிரியாணி உண்டு என்றான்.

சித்ராதேவி ஃபைலை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பதினெட்டு வருஷம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோலராக இருந்து, பனியனை மேஜையில் விரித்து ஓட்டை தேடியவள் அவள். பக்கத்தில் ஓடுகிற மிஷின் சத்தம் காதில் ஏறாமல் இருக்கப் பழகியவள். கம்பெனியை மூடிய அன்று அவள் கையில் மிச்சமிருந்த ஒரே தொழில் சந்தேகப்படுவதுதான். அதையே போர்டு எழுதி மாட்டினாள். சித்ரா என்கொயரி சர்வீஸ்: மாப்பிள்ளை விசாரணை, பார்ட்னர் விசாரணை, நூலைக் கடனுக்கு வாங்கிக்கொண்டு ஓடியவரைப் பற்றிய விசாரணை. ஜெபக்குமார் நாசரேத் பக்கத்திலிருந்து ஓவர்லாக் தைக்க வந்தவன். மிஷினைவிட வாய் வேகமாக ஓடுகிறது என்று மூன்று கம்பெனிகள் அனுப்பிவிட்ட பிறகு அவளிடம் உதவியாளராகச் சேர்ந்தான்.

இந்த வேலை முந்தின நாள் தரணியின் ஆபீசில் ஆரம்பித்தது. தரணி வீட்டுக்கடன் ஆலோசகர். எந்த பேங்க், எத்தனை வருஷம், கையிலிருந்து எவ்வளவு போட வேண்டும் என்று கேட்க ஊரில் பாதிப் பேர் அவளிடம்தான் வருவார்கள். வட்டி ஏறினாலும் இறங்கினாலும் முகம் மாறாமல் சொல்லக்கூடிய பெண்.

அன்றைக்கு அவள் எதிரே உட்கார்ந்திருந்தவர் அப்புசாமி. அறுபது வயது, மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, முதலிபாளையத்தில் பதினாறு மிஷின் போட்ட பனியன் கம்பெனி. ஆர்டர் குறைந்துவிட்டது, வாடகை வருகிற மாதிரி ஒரு சொத்து வாங்கிப்போடலாம் என்று நினைப்பு. வேலம்பாளையத்தில் லிங்கசாமி என்பவருடைய, எதிரெதிரே இரண்டு வரிசையாகக் கட்டிய பத்து லைன் வீடுகள் விலைக்கு வந்திருக்கின்றன. அந்தச் சொத்தையே அடமானம் வைத்துக் கடன் எடுத்து அதையே வாங்க வேண்டும், தவணையை வாடகை கட்டிக்கொள்ளும் என்றார்.

தரணி ஒரு மணி நேரம் ஆலோசனை சொன்னாள். விலையில் கால் பங்காவது கைப்பணம் வேண்டும். குடியிருக்கிற சொந்த வீட்டை இதோடு சேர்த்து அடமானம் வைக்கக் கூடாது. பத்து வீட்டு வாடகை வருமென்றால் ஏழு வீட்டு வாடகைதான் வரும் என்று நினைத்துக்கொண்டு கடன் எடுக்க வேண்டும், ஏனென்றால் தீபாவளிக்கு ஊருக்குப் போகிற குடித்தனமெல்லாம் திரும்பி வருவதில்லை. வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. பாக்கி இருப்பது ஒன்றுதான்: பத்துக் குடித்தனக்காரர்களும் வாடகைக்குத்தான் இருக்கிறோம் என்று ஆளுக்கொரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதை விற்கிறவரோ வாங்குகிறவரோ வாங்கிக்கொண்டு வந்தால் பேங்கில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மூன்றாவது ஆள் வேண்டும்.

மூன்றாவது ஆளாகத்தான் சித்ராதேவியைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள்; அந்த ஒரு மணி நேரப் பேச்சையும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நானு அந்த ஊட்டுக்குள்ள காலு கூட வெச்சதில்லீங்க அம்மிணி. ரோட்டுல நின்னு பாத்ததோட சரி. நீங்க போயி ஒரு நோட்டம் பாத்து, கையெழுத்த வாங்கிட்டு வந்துட்டீங்கன்னா திங்கக்கிழமை பேங்குல குடுத்துரலாமுங்க" என்றார் அப்புசாமி. கடிதங்களை லிங்கசாமியே டைப் அடித்துக் கொடுத்திருந்தார். பெயர், வீட்டு எண், மாத வாடகை ஐயாயிரத்து ஐநூறு. கடைசி வரியில், இதைத் தவிர வீட்டு உரிமையாளரிடம் வேறு எந்தத் தொகையும் கொடுத்து வைக்கவில்லை என்று இருந்தது.

முதல் வீட்டில் ஆரோக்கியராஜ் என்ற கட்டிங் மாஸ்டர் இருந்தார். வாடகை எவ்வளவு என்று கேட்டதும், "மாசம் ஐயாயிரத்து ஐநூறு, கரண்ட் தனி" என்றார். சித்ராதேவி குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தார். வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையெழுத்தைக் கடைசியில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி வெளியே வந்தாள்.

இரண்டாவது வீட்டிலும் மாசம் ஐயாயிரத்து ஐநூறு, கரண்ட் தனி. மூன்றாவதிலும் அதே. நான்காவது வீட்டில் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அவள் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். எதிர் வரிசை ஒன்பதாவது வீட்டில் ஒடிசாக்காரர் ஒருவர் இருந்தார். ஊர், பேர், வேலை எல்லாவற்றுக்கும் இந்தியில் பதில் சொன்னவர், வாடகை என்றதும் நிமிர்ந்து நின்று சுத்தத் தமிழில், மாசம் ஐயாயிரத்து ஐநூறு, கரண்ட் தனி என்றார்.

"பள்ளிக்கூடத்துல திருக்குறள் ஒப்பிச்ச மாரில்லாக்கா இருக்கு" என்றான் ஜெபக்குமார் வெளியே வந்து. "நீங்க வேற வீட்டுக்கு வீடு தண்ணி குடிக்கீய. நாம வந்தது கடன் விசாரணைக்கா, போர்த் தண்ணி விசாரணைக்கான்னே எனக்கு வெளங்கல."

"உன் ரூம்ல சட்டையை எங்க மாட்டுவ?"

"கதவுலதான். சுவத்துல ஆணி அடிச்சா ஓனர் அதப் புடுங்கி எந்தலையில அடிச்சிருவாரு."

"இங்க எத்தனை ஆணி பாத்த?"

  ஜெபக்குமார் இரண்டு வரிசையையும் இன்னொரு தடவை வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். ஆணி நாற்பதுக்கு மேல். மூன்றாவது வீட்டில் சுவருக்கு ரோஸ் பெயின்ட். ஐந்தாவதில் சுவரைக் குடைந்து எக்ஸாஸ்ட் ஃபேன். ஏழாவதில் சமையல் மேடைக்கு டைல்ஸ். திருப்பூரில் வாடகைக்கு இருப்பவன் காலண்டர் மாட்டவே ஓனரிடம் சொல்லிவிட்டுத்தான் மாட்டுவான். ஆர்டர் நின்றால் அடுத்த வாரமே பாயைச் சுருட்டுகிற ஊரில், பத்துக் குடும்பம் சொந்தக் காசைப் போட்டுச் சுவரை அலங்கரித்துக்கொண்டு இருக்கிறது.

"அப்பம் இவிய வாடகைக்கு இல்ல" என்றான்.

"ஏழாவது வீட்டுக்குத் திரும்பப் போவோம்" என்றாள் சித்ராதேவி.

ஏழாவது வீட்டில் இருந்தவள் கருத்தம்மா. சங்கரன்கோவில் பக்கம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, ஒரே மகள் ஜோதிகா நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். சித்ராதேவியும் தெற்கிலிருந்து வந்த குடும்பம்தான், இங்கே வளர்ந்ததால் கொங்குப் பேச்சு ஒட்டிக்கொண்டது. கருத்தம்மா முன்னால் உட்கார்ந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டாள். வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டைல்ஸ் ரொம்ப நன்றாக இருக்கிறது, எங்கே வாங்கியது என்றாள். கருத்தம்மாவின் முகம் மலர்ந்தது. அவிநாசி ரோட்டில் நான்கு கடை ஏறி இறங்கி வாங்கியது, கொத்தனார் கூலியே தனி, கரித்துணியால் ஒரு துடை துடைத்தால் போதும் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

"வாடகை வீட்டுக்கு யாருக்கா சொந்தக் காசுல டைல்ஸ் போடுவா?" என்று கேட்டாள் சித்ராதேவி.

 கருத்தம்மா எழுந்து போய் டிரங்குப் பெட்டியிலிருந்து இருபது ரூபாய் பத்திரத்தாள் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தாள். மூன்று லட்சம் ரூபாய் போக்கியம். வீட்டுக்காரர் அந்தப் பணத்தை வைத்துக்கொள்வார், குடியிருப்பவர் வாடகை தர வேண்டாம், காலி செய்கிற அன்று மூன்று லட்சத்தையும் திருப்பித் தர வேண்டும். கீழே லிங்கசாமி கையெழுத்து. பதிவு செய்யாத தாள், அதனால்தான் வில்லங்கச் சான்றில் ஒன்றும் வரவில்லை.

"எங்க ஊர்ல ஒத்திம்போம், இங்க போக்கியம்ங்காக" என்றாள் கருத்தம்மா. "பத்து வீடும் அப்படித்தான். எல்லாரும் மூணு மூணு லட்சம் குடுத்திருக்கோம். ஜோதிகா அப்பா லாரில அடிபட்டுப் போனதுக்கு வந்த காசு இது. சாப்பிட்டுத் தீத்துரக் கூடாதுன்னு இங்க போட்டேன். மக படிப்பு முடியுத வரைக்கும் தலைக்கு மேல ஒரு கூர இருக்கும்லா."

பொய் சொல்லச் சொன்னது லிங்கசாமி. புதிதாக ஒருவர் வாங்க வருகிறார், பேங்க் கடன் கிடைத்தால்தான் வாங்குவார். வாடகை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், கடன் வந்த அன்றைக்கே எல்லோருக்கும் பணம் திரும்ப வந்துவிடும். உண்மையைச் சொன்னால் கடனும் வராது, பணமும் வராது என்றாராம்.

சித்ராதேவி டைப் அடித்த கடிதத்தை எடுத்துக் கடைசி வரியை மட்டும் மெதுவாகப் படித்துக் காட்டினாள். வேறு எந்தத் தொகையும் கொடுத்து வைக்கவில்லை. இதில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த இருபது ரூபாய்த் தாளைக் கொண்டு அடுப்புப் பற்ற வைக்கலாம் என்றாள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கருத்தம்மா பத்திரத்தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். சித்ராதேவி கடிதத்தை மடித்துப் பைக்குள் திணித்தாள். அந்தக் கடிதங்களை வீடு வீடாகச் சுமந்துகொண்டு வந்தது அவள்தானே.

"அப்பம் அந்த வாங்க வாரவரும் பாவம்லா" என்றாள் கருத்தம்மா. "அவரையும்லா ஏமாத்துதாக."

ஜெபக்குமாரும் ஸ்கூட்டியில் அதையே சொன்னான். நம்ம பார்ட்டி தலை தப்பியது, மொட்டை போட்டுக்கொள்ளலாம், மீதி ரெண்டாயிரம் ரூபாய் ஃபீஸை இன்றைக்கே கேட்டு வாங்கிவிடலாம் என்றான்.

"நேத்து ஒரு மணி நேரம் வீடு வாங்குறதப் பத்தியே பேசினாரு" என்றாள் சித்ராதேவி. "ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கல."

வாஸ்துவா, ஈசானிய மூலையா, பக்கத்தில் மதுக்கடை இருக்கிறதா என்று வழி நெடுக அவன் கேட்டுக்கொண்டே வந்தான். அவள் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றாள். சாயங்காலம் திரும்பவும் அந்தப் பத்து வீட்டுக்கும் போய்விட்டு வந்தார்கள். இந்தத் தடவை தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தரணியின் ஆபீசில் அப்புசாமி முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார். சித்ராதேவி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். ஜெபக்குமார் கதவோரம் நின்றான். அவன் பக்கத்தில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்த கருத்தம்மா நின்றாள். அவளை யார் என்று அப்புசாமி கேட்கவில்லை, ஆபீசைக் கூட்ட வந்தவள் என்று நினைத்திருக்கலாம்.

"பத்துக் கையெழுத்தும் ஆச்சுங்க" என்றாள் சித்ராதேவி. "ஆனா ஒண்ணுங்க. அந்த ஊட்ட நீங்க வாங்க வேண்டாமுங்க."

"ஏனுங்க?"

"தண்ணி சரியில்லீங்க. போர்த் தண்ணி ஒரே உப்பு. வாயில வெக்க முடியல."

ஜெபக்குமார் வாயைத் திறந்தான். அவளே நேற்றுப் பத்து டம்ளர் ரசித்துக் குடித்ததை அவன் கண்ணால் பார்த்தவன். ஏதோ தோன்றி மூடிக்கொண்டான்.

ஒரு வீட்டை வாங்க வந்தவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. உப்புத் தண்ணீர் என்று சொல்லியே விலையில் ஐந்து லட்சம் அடிக்கலாம். அப்புசாமிக்கு முகம் சிவந்தது.

"எவனுங்க சொன்னது உப்புன்னு? எண்ணூறு அடிங்க. அறுநூறுல பாறை வந்து, விடக்கூடாதுன்னு ரெண்டு நாளு வெயில்ல நின்னு ஓட்டுனதுங்க. அந்த வட்டாரத்துலயே அப்பிடித் தண்ணி கெடையாது. எளநியாட்ட இருக்குமுங்க."

இந்தப் பக்கத்தில் ஒருவருடைய மகனைக் குறை சொல்லலாம், சம்பந்தியைக் குறை சொல்லலாம், கூடவே அவரும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்வார். போர்த் தண்ணீரை மட்டும் சொல்லக் கூடாது. தரணி எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தாள்.

"வெயில்ல நின்னது ஆருங்க?" என்றாள் சித்ராதேவி.

 லிங்கசாமி சொன்னதாகச் சொன்னார் அப்புசாமி. லிங்கசாமி உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். 

"மச்சானுங்க" என்றார். "சம்சாரத்தோட தம்பி."

"சனிக்கிழமையே சந்தேகமுங்க. திருப்பூர்ல ஊடு வாங்கற ஆரும் விலை கேக்கறதுக்கு முன்னால தண்ணி எப்பிடின்னுதான் கேப்பாங்க. நீங்க கடைசி வரைக்கும் கேக்கல. தெரிஞ்ச சங்கதிய எதுக்குங்க கேக்கோணும்?"

மீதியை அவள் குரலை உயர்த்தாமல் சொல்லி முடித்தாள். வீடு அப்புசாமியுடையது, பத்திரம் மட்டும் மச்சான் பெயரில். பத்துக் குடும்பத்திடமும் போக்கியப் பணம் வாங்கியது அவர்தான், லிங்கசாமி கையெழுத்துப் போட்டதோடு சரி. இப்போது தன் வீட்டைத் தானே கடன் எடுத்து வாங்குகிறார். கடன் பணம் மச்சான் கணக்குக்குப் போய் இவரிடமே திரும்பும். பத்துக் கையெழுத்து விழுந்ததும் முப்பது லட்சம் போக்கியம் இல்லாமல் போகும், அடுத்த மாதத்திலிருந்து அதே குடும்பங்கள் வாடகை கட்ட வேண்டும். ஏமாறப் போகிறவர் அப்புசாமி என்று எல்லோரும் நினைத்தார்கள். அதையும் அவர்தான் ஏற்பாடு செய்திருந்தார்.

அப்புசாமி மறுக்கவில்லை. வேட்டி மடிப்பைச் சரி செய்துகொண்டார்.

"சரிங்க. அதுதான் அவங்களே கையெழுத்துப் போட்டாச்சுங்களே" என்று ஃபைலுக்குக் கை நீட்டினார்.

சித்ராதேவி கொடுத்துவிட்டாள். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் கடிதத்தைப் படித்தார். இரண்டாவதை எடுத்தார். டைப் அடித்த கடிதம் ஒன்றுகூட அதில் இல்லை. பத்தும் கையால் எழுதியவை. லிங்கசாமியிடம் இந்தத் தேதியில் மூன்று லட்சம் போக்கியம் கொடுத்தேன், வாடகை கொடுத்ததில்லை, வாடகை என்று பொய் சொல்லச் சொன்னார்கள். ஒவ்வொன்றோடும் இருபது ரூபாய்ப் பத்திரத்தாளின் நகல். ஒன்பதாவது இந்தியில் இருந்தது; அப்புசாமிக்கு எண்கள் மட்டும் புரிந்தன, அதுவே போதுமானதாக இருந்தது.

"ஒரு செட்டு இவிய ஆபீசுக்கு" என்றான் ஜெபக்குமார் தரணியைக் காட்டி. "இன்னொரு செட்டு எங்கிட்ட இருக்கு. கமிஷனர் ஆபீசு போற வழியில எனக்கு ஒரு டீக்கடை தெரியும், எப்படியும் அந்தப் பக்கம் போவேன்."

அப்புசாமி கண்ணாடியைக் கழற்றினார். பதினாறு மிஷினில் பதினொன்று துணி போட்டு மூடியிருக்கிறது, தையல்காரர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுக்க நாக்குத் தள்ளுகிறது, கம்பெனியைத் தூக்கி நிறுத்திவிட்டு எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன் என்றார். பொய் சொல்வது போலத் தெரியவில்லை. திருப்பூரில் அவரைப் போல நினைத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. திருப்பிக் கொடுத்தவர்கள்தான் குறைவு.

கருத்தம்மா கதவோரத்திலிருந்து மேஜைக்கு வந்தாள். யாரும் சொல்லவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு அப்புசாமிக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏழாம் நம்பர் வீடு" என்றாள். "உங்களுக்குக் கஷ்டம் இருக்கும் ஐயா, இல்லங்கல. எங்க வீட்டுக்காரரு உசுருக்கு வந்த காசு அது. அப்படி ஒரு காசே இல்லன்னு ஒரு தாள்ல எழுதி, அதுல எங்கிட்டயே கையெழுத்து கேட்டீங்கள்லா. அதத்தான் என்னால தாங்க முடியல."

அப்புசாமியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரணியைப் பார்த்து, இப்போது என்ன கண்ணு செய்வது என்று கேட்டார். ஆலோசனைக்குத்தானே வந்திருக்கிறார்.

தரணி ஆலோசனை சொன்னாள், சனிக்கிழமை சொன்ன அதே முகத்தோடு. இந்தக் கடன் நடக்காது; எந்த பேங்குக்குப் போனாலும் இந்த ஃபைல் பின்னாலேயே வரும். நேர்வழி ஒன்று இருக்கிறது. பத்துப் போக்கியத்தையும் மச்சான் கையெழுத்தில் ரெஜிஸ்டர் ஆபீசில் முறையாகப் பதிவு செய்ய வேண்டும், செலவு அப்புசாமியுடையது. அதற்கப்புறம் வில்லங்கச் சான்றில் முப்பது லட்சம் வெளிப்படையாக நிற்கும். அதைக் கழித்துக்கொண்டு மீதி மதிப்புக்குக் கம்பெனிக்காகக் கடன் கேட்கலாம். கேட்டதில் பாதிதான் கிடைக்கும், ஆனால் அது நிஜமான கடன். இன்றைக்கு ஆரம்பித்தால் இன்றைக்கே டோக்கன் கிடைக்கும் என்றாள்.

அவர் போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டார்.  "மாப்ள, ஆதார் கார்ட எடுத்துட்டு ரெஜிஸ்டர் ஆபீசுக்கு வா. என்னத்துக்குன்னு வந்து கேளு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

கருத்தம்மாவும் தன் போனை எடுத்தாள். மறுமுனையில் கம்பெனி சூப்பர்வைசர் இரண்டு மணிக்கு வந்துவிடுவாய்தானே என்று கேட்பது எல்லோருக்கும் கேட்டது.

"இல்ல சார், முழு நாள் லீவு போட்டுக்கிடுங்க" என்றாள். "எங்க வீட்டு விசயமா ரெஜிஸ்டர் ஆபீசுக்குப் போறேன்."